வட்டம் முட்டையாவது ஏன்? கணிப்பொறித் திரைக்கு அளவும் வீதமும் அமைத்தல்

கணித ஆசிரியர் ஒருவர் கணிப்பொறியில் வட்டம் ஒன்றை வரைந்து, அதனைப் புரொஜெக்டரின் வாயிலாக வகுப்பறைச் சுவரில் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறியின் கணக்கில் அது பிழையற்ற வட்டம். சுவரில் விழுவதோ, இருபுறமும் பற்றி இழுத்தாற்போல் அகன்ற ஒரு நீள்வட்டம். ஆசிரியர் அதனை வட்டம் என்றே கூறிப் பாடத்தை நடத்திச் செல்கிறார், மாணவரும் மறுத்துரைப்பதில்லை. அடுத்து 45 பாகைக் கோணம் ஒன்றைக் காட்டும்பொழுது, முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து சென்று சுவரின் மேல் கோணமானியை வைத்துப் பார்ப்பானாயின், 40 பாகைக்கும் சற்றுக் குறைவாகவே அது காட்டும். நூல் கூறுவது ஒன்று. கண் காண்பது வேறொன்று.

கிராமங்களில் பணிபுரியும் வேளாண்மைப் பணியாளருக்கும் நிலஅளவைப் பணியாளருக்கும் இத்தொல்லை வேறு உருவில் நேருகிறது. அவர்கள் காட்டும் நிலப்படத்தில் கிழக்கு மேற்காக உள்ள தொலைவெல்லாம் ஐந்தில் ஒரு பங்கு மிகுந்து தோன்றும். சதுரமான வயல் நீண்ட வயலாகத் தெரியும். தம் வயலின் வடிவத்தை நன்கறிந்த உழவர், படத்தையே நம்ப மறுப்பார். அவர் மறுப்பது நியாயமே.

இவ்விடர்ப்பாட்டிற்குக் காரணம் புரொஜெக்டர் பழுதுபட்டதன்று. பெரும்பாலும் கணிப்பொறி பழுதுபட்டதுமன்று. இரண்டிற்கும் இடையே நிகழ வேண்டிய ஓர் எண்பரிமாற்றம் நிகழாமற் போனதே காரணம். அவ்வெண்கள் யாவை, அவை எங்கே தவறிப்போகின்றன, தவறியவற்றை நாமே கணக்கிட்டுக் கொடுப்பது எவ்வாறு என்பவற்றை இங்கு ஆராய்வோம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர்க்கு இதில் விளங்காதது ஏதுமில்லை.

திரையில் படம் எழுதப்படும் முறை

கணிப்பொறித் திரையிலுள்ள படம் எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆயது. இப்புள்ளிகளைப் பிக்செல் என்பர். ஒரு வரியில் இத்தனை புள்ளிகள், இத்தகைய வரிகள் இத்தனை என்று கூறுவதே தெளிவுத்திறன். 1280 பெருக்கல் 800 என்றால், வரிக்கு 1280 புள்ளிகள், மொத்தம் 800 வரிகள். இப்படம் முழுவதும் வினாடிக்கு எத்தனை தடவை புதிதாக எழுதப்படுகிறதோ அதுவே புதுப்பிப்பு வீதம். 60 ஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு 60 தடவை.

நோட்டுப் புத்தகத்தில் எழுதும் மாணவனின் கையைக் கவனியுங்கள். இடமிருந்து வலமாக ஒரு வரியை எழுதி முடித்ததும், கை எதனையும் எழுதாமல் இடப்பக்கம் திரும்பி வருகிறது. பக்கத்தின் அடிக்கு வந்ததும், அடுத்த பக்கத்தின் உச்சிக்குச் செல்கிறது. எழுதாமல் கழியும் இந்நேரமும் நேரந்தானே? பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் எலெக்ட்ரான் கற்றை இவ்வாறே ஒவ்வொரு வரியின் முடிவிலும், ஒவ்வொரு படத்தின் முடிவிலும் திரும்பிவர வேண்டியிருந்தது. ஆதலால் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளுடன், கண்ணுக்குத் தெரியாத ‘ஓய்வுப் புள்ளிகள்’ சிலவும், ‘ஓய்வு வரிகள்’ சிலவும் கணக்கிற் சேர்க்கப்பட்டன.

1987-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட வி.ஜி.ஏ. முறையை எடுத்துக்கொள்வோம். அதில் தெரியும் புள்ளிகள் வரிக்கு 640. ஓய்வும் சேர்த்து 800. தெரியும் வரிகள் 480. ஓய்வும் சேர்த்து 525. படம் வினாடிக்கு 59.94 தடவை எழுதப்படுகிறது. 800-ஐ 525-ஆற் பெருக்கினால் 4,20,000; அதனை 59.94-ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 2 கோடியே 51 லட்சத்து 75 ஆயிரம். அதாவது 25.175 மெகாஹெர்ட்ஸ். கேபிளின் வழியே புள்ளிகள் செல்லும் விரைவு இதுவே. இதற்குப் பிக்செல் கடிகாரம் என்று பெயர். இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படையான சமன்பாடு இது ஒன்றுதான்: வரியின் மொத்தப் புள்ளிகள், மொத்த வரிகள், புதுப்பிப்பு வீதம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் பிக்செல் கடிகாரம்.

எலெக்ட்ரான் கற்றையே இல்லாத இன்றைய எல்.சி.டி. திரைகளிலும் இவ்வோய்வு நேரம் நீங்கிவிடவில்லை என்பது வியப்பிற்குரியது. குழாய் மறைந்தும் அதன் வழக்கம் மறையவில்லை. எனினும் அது முற்றிலும் வீண்போகவுமில்லை: எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒலி செல்வது இவ்வோய்வு நேரத்திலேதான். படம் எழுதப்படாத இடைவெளியில் பாட்டு அனுப்பப்படுகிறது.

வினாடிக்கு எத்தனை தடவை?

திரைப்படக் கொட்டகையில் வினாடிக்கு 24 படங்களே ஓடுகின்றன. அசைவு தொடர்ச்சியாகத் தோன்றுவதற்கு அது போதும். ஆனால் ஒளி சிமிட்டாமல் இருப்பதற்குப் போதாது. ஆகவே பழைய படச்சுருள் யந்திரங்களில் சுழலும் மறைப்புத் தகடு, ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று தடவை மறைத்துத் திறந்து, சிமிட்டலை 48 அல்லது 72 ஆக்கிற்று. அசைவு வேறு, சிமிட்டல் வேறு என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

தொலைக்காட்சியில் வேறொரு காரணம் குறுக்கிட்டது. மின்வழங்கலின் அதிர்வெண்ணோடு படத்தின் வீதம் ஒத்துப்போனால், தொடக்ககாலப் பெட்டிகளில் அலைபாயும் பட்டைகள் கண்ணை உறுத்தா. மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக உள்ள அமெரிக்காவில் 60. 50 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் 50. நம் நாட்டுத் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது; 625 வரிகளும் வினாடிக்கு 25 முழுப்படங்களும், அதாவது 50 அரைப்படங்களும் கொண்ட முறையே இங்கு நிலைபெற்றது. கணிப்பொறித் திரை அமெரிக்க வழக்கத்தைத் தழுவி 60-ஐக் கைக்கொண்டது. அதனால், வினாடிக்கு 25 படங்களாகப் பதிவுசெய்யப்பட்ட கல்வி ஒளிபரப்பை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால், 60-ஐ 25 மீதியின்றி வகுக்காமையால், சில படங்கள் இரண்டு தடவையும் சில படங்கள் மூன்று தடவையும் காட்டப்படும். பக்கவாட்டில் நகரும் பொருள்கள் சிறிதே தடுக்கித் தடுக்கிச் செல்லும். திரை ஏற்குமாயின் 50 ஹெர்ட்ஸாக மாற்றியமைத்தால், ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு தடவை வரும், தடுக்கல் நீங்கும்.

குழாய்த் திரைகளில் 60 ஹெர்ட்ஸ் சிமிட்டலும், அதனால் தலைவலியும் உண்டாயிற்று. 75 அல்லது 85 நன்று என்று அக்காலத்தில் கூறப்பட்டது. எல்.சி.டி. திரையில் ஒரு புள்ளி அடுத்த எழுத்து வரும்வரை தன் ஒளியை விடாமல் வைத்திருப்பதால், 60-இலும் இச்சிமிட்டல் இல்லை. கண்ணோய்க்கு அஞ்சி எல்.சி.டி. திரையை 75-க்கு உயர்த்த வேண்டியதில்லை. உயர்த்துவதால் சுட்டியின் ஓட்டம் சற்று வழுவழுப்பாகும், அவ்வளவே.

திரை தன்னைப்பற்றிக் கூறும் சிறு ஏடு

மானிட்டரையோ புரொஜெக்டரையோ இணைத்தவுடன், இதற்கு எந்த அளவு பொருந்தும் என்று கணிப்பொறி எங்ஙனம் அறிகிறது? ஒவ்வொரு திரையினுள்ளும் 128 பைட் அளவுள்ள ஒரு சிறு ஏடு பொறிக்கப்பட்டுள்ளது. செய்தவர் யார், திரையின் நீள அகலம் எத்தனை சென்டிமீட்டர், இயல்பான தெளிவுத்திறன் எது, ஏற்கத்தக்க வீதங்களின் கீழெல்லை மேலெல்லை எவை என்பன அதில் உள்ளன. இதனை இ.டி.ஐ.டி. என்பர், வெசா என்னும் திரைத் தரநிர்ணயச் சங்கம் 1994-இல் இம்முறையை வகுத்தது. புதிய திரைகளில் இவ்வேடு மேலும் சில பக்கங்கள் நீண்டிருக்கும்.

ஏடு திரையிலிருந்து கணிப்பொறிக்கு வருவது படம் செல்லும் அதே கேபிளின் வழியாகவே. ஆனால் தனிக் கம்பிகளில். வி.ஜி.ஏ. கேபிளின் முனையில் 15 ஊசிகளுக்கு இடமுண்டு. அவற்றுள் 12-ஆம் ஊசியும் 15-ஆம் ஊசியுமே இவ்வேட்டைக் கொணர்பவை. மலிவான கேபிள்கள் சிலவற்றில் இவ்விரு கம்பிகளும் இணைக்கப்படுவதே இல்லை. நிறமும் ஒத்தியக்கமும் தனிக் கம்பிகளில் செல்வதால் படம் குறைவின்றி வரும். ஏடு மட்டும் வாராது. ஆதலின் கேபிளில் குற்றம் இருப்பதாக ஒருவரும் ஐயுறுவதில்லை. (9-ஆம் ஊசி இல்லாதிருப்பது பல கேபிள்களில் இயல்பு, அதனைக் கண்டு மயங்க வேண்டா.) ஒரு கணிப்பொறியின் படத்தை இரு திரைகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டியும், பல கணிப்பொறிகளை ஒரே திரைக்கு மாற்றிவிடும் பெட்டியும் இவ்வேட்டை இடையிலே விழுங்கிவிடுவதுண்டு.

ஏடு கிட்டாத கணிப்பொறி என்ன செய்யும்? எத்திரைக்கும் ஒத்துவரக்கூடிய பழைய அளவு ஒன்றை, பெரும்பாலும் 1024 பெருக்கல் 768-ஐ, தானே வைத்துக்கொள்ளும். இது அகலத்திற்கும் உயரத்திற்கும் 4-க்கு 3 என்னும் விகிதம். புரொஜெக்டரோ 1280 பெருக்கல் 800, அதாவது 16-க்கு 10. வரும் படத்தைத் தன் முழுப்பரப்பிலும் நிரப்பப் புரொஜெக்டர் முயலும்பொழுது, அகலம் 1.25 மடங்கும் உயரம் 1.04 மடங்கும் பெருகுகின்றன. இவ்விரண்டின் விகிதம் 1.2. நாம் தொடக்கத்திற் கண்ட ஐந்தில் ஒரு பங்கு மிகுதி இதுவே.

வடிவம் கெடுவதோடு நில்லாமல் எழுத்தும் கெடுகிறது. 4 புள்ளிகளுக்கான படத்தை 5 புள்ளிகளின் மேல் பரப்பும்போது, ஒரு புள்ளி கனமுள்ள கோடு இரு புள்ளிகளின் மேல் மங்கலாகப் பரவும். ஆங்கில எழுத்துகள் இதனை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். நம் மொழிகளின் எழுத்துகள் தாங்கா. தமிழில் மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளியும், தேவநாகரியில் அனுஸ்வாரப் புள்ளியும் ஓரிரு பிக்செல்களால் ஆயவை. அவை மங்கினால், கடைசி வரிசையிலுள்ள மாணவன் மெய்யை உயிர்மெய்யாகப் படிப்பான். மொழியாசிரியர்கள் இதனைக் கணித ஆசிரியர்களினும் விரைவில் கண்டுகொள்வர்.

சுவரில் அளந்து காணல்

எண்களை மாற்றத் தொடங்குமுன், குற்றம் எதுவென்று அறிதல் வேண்டும். அதற்கு ஓர் அளவுநாடா போதும். படம் வரையும் செயலி எதிலேனும் அகலமும் உயரமும் 600 புள்ளிகள் கொண்ட சதுரம் ஒன்றை வரைந்து சுவரிற் காட்டுங்கள். புரொஜெக்டர் சுவருக்கு நேராக இருக்கட்டும். சாய்ந்திருப்பின் சதுரம் ஒருபக்கம் அகன்ற சரிவகமாகும், அக்குறையை எந்தத் தெளிவுத்திறனாலும் தீர்க்க இயலாது. பின்பு சதுரத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் உயரமும் 72 சென்டிமீட்டர் அகலமும் இருப்பின் விடை 1.2, 4-க்கு 3 படம் 16-க்கு 10 திரையில் இழுக்கப்படுகிறது. விடை 1.33 எனின், அதே படம் 16-க்கு 9 திரையில் விழுகிறது. 1.11 எனின், 16-க்கு 10 படம் 16-க்கு 9 திரையில். விடை 1 ஆயின் வடிவத்தில் பிழையில்லை. எழுத்து மட்டுமே மங்கலாக இருப்பின், விகிதம் சரியாயிருந்து அளவு தவறாக உள்ளது என்று கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஓர் எளிய வழியைச் சொல்லாமல் விடுவது முறையன்று. புரொஜெக்டரின் ரிமோட்டில் ‘ஆஸ்பெக்ட்’ என்னும் பொத்தான் இருக்கும். அதனை 4-க்கு 3 என்று வைத்தால், இருபுறமும் கரிய பட்டைகள் தோன்றி வட்டம் மீண்டும் வட்டமாகும். அகலத்தில் ஆறில் ஒரு பங்கு பயனின்றிப் போகும். எழுத்தின் மங்கலும் நீங்காது. எனினும் மணியடித்து மாணவர் அமர்ந்துவிட்ட வேளையில், எண்களை ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட இதுவே மேல். கேபிளை மாற்றிப் பார்ப்பதும், ஸ்ப்ளிட்டரை நீக்கி நேராக இணைத்துப் பார்ப்பதும் அடுத்த படி. ஏடு வந்துவிட்டால் மற்றவை தாமே சரியாகும்.

தொலைக்காட்சிப் பெட்டியை மானிட்டராகப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்க. படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுண்டு, கீழ்வரிசைப் பொத்தான்கள் மறைந்திருந்தால், அது தெளிவுத்திறனின் குற்றமன்று. பழைய ஒளிபரப்பின் ஓரக்குறைகளை மறைப்பதற்காகப் பெட்டி படத்தைச் சற்றே பெரிதாக்கிக் காட்டும் வழக்கம் அது. பெட்டியின் பட அமைப்பில் அதனை நிறுத்திவிட வேண்டும். இதற்காகப் புதிய அளவுகளை உண்டாக்கி அல்லற்படுவோர் பலர்.

எண்களை நாமே கொடுத்தல்

கேபிள் சுவரினுள் பதிக்கப்பட்டதாயிருக்கலாம், ஸ்ப்ளிட்டர் இன்றியமையாததாயிருக்கலாம். அப்பொழுது நாமே எண்களைத் தர வேண்டும். முதற்கண் திரையின் இயல்பான தெளிவுத்திறனை அதன் கையேட்டிலோ பின்புற ஒட்டுத்தாளிலோ கண்டு எழுதிக்கொள்க. எல்.சி.டி. திரைக்கு இயல்பான அளவு ஒன்றே உண்டு, அதுவே சிறந்தது. புரொஜெக்டர் விளம்பரங்களில் ‘இதுவரை ஏற்கும்’ என்று காணப்படும் பெரிய எண், அது ஏற்றுச் சுருக்கிக் காட்டக்கூடிய எல்லையே அன்றி அதன் இயல்பான அளவன்று. அவ்வெண்ணைக் கொடுத்தால் எழுத்து மேலும் மங்கும்.

ஓய்வுப் புள்ளிகளை நாம் கற்பனையாக இட வேண்டியதில்லை. அவற்றைக் கணக்கிடும் விதியை வெசா 2003-இல் வகுத்தளித்தது, சி.வி.டி. என்பது அதன் பெயர். லினக்ஸ் கணிப்பொறிகளில் அதே பெயருள்ள சிறு செயலிக்கு அகலம், உயரம், வீதம் ஆகிய மூன்றையும் கொடுத்தால், எண்வரிசை ஒன்றைத் தரும். 1280, 800, 60 என்று கொடுத்தால் வருவது: கடிகாரம் 83.50; கிடைவரிசையில் 1280, 1352, 1480, 1680; செங்குத்தில் 800, 803, 809, 831. இதன் பொருளாவது: தெரியும் புள்ளிகள் 1280-இல் முடிகின்றன, வரி முடிந்ததென்னும் சைகை 1352-இல் தொடங்கி 1480-இல் நிற்கிறது, 1680-இல் அடுத்த வரி தொடங்குகிறது. செங்குத்து எண்களுக்கும் இவ்வாறே பொருள் கொள்க. நம் சமன்பாட்டைக் கொண்டு சரிபார்ப்போம்: 1680 பெருக்கல் 831 என்பது 13,96,080. 8,35,00,000-ஐ இதனால் வகுத்தால் 59.81. கேட்டது 60, கிடைத்தது 59.81. கடிகாரம் கால் மெகாஹெர்ட்ஸ் படிகளில் மட்டுமே அமைவதால் நேரும் இவ்வேறுபாட்டைத் திரை பொருட்படுத்துவதில்லை.

அதே விதியில் ‘குறைந்த ஓய்வு’ என்று ஒரு வகை உண்டு. கற்றை திரும்பிவர நேரம் வேண்டாத எல்.சி.டி. திரைகளுக்காக ஏற்பட்டது அது. அதன்படி மொத்தம் 1440 புள்ளிகளும் 823 வரிகளுமே; கடிகாரம் 71 மெகாஹெர்ட்ஸ்; வீதம் 59.91. படத்தில் ஒரு புள்ளியும் குறையாமல், கேபிளின் சுமை ஏழில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. மேசையிலிருந்து கூரைவரை செல்லும் நீண்ட வி.ஜி.ஏ. கேபிளில் எழுத்தின் வலப்பக்கம் நிழல் விழுமாயின் இவ்வகையைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் பழைய புரொஜெக்டர்கள் சில இதனைச் சரியாக இனங்காணாமல் படத்தை ஒருபுறம் ஒதுக்கிவிடும். அவற்றிற்கு முன்னைய முழு ஓய்வு வகையே தக்கது.

சி.வி.டி. விதி அகலத்தை 8-ஆல் மீதியின்றி வகுபடும் எண்ணாகவே கொள்ளும். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. மலிவு மடிக்கணினிகள் பலவற்றின் திரை 1366 பெருக்கல் 768. 768 வரிகளுக்கு 16-க்கு 9 விகிதத்தில் அகலம் 1365.33 ஆகும்; அதனை 1366 என்று முழுமையாக்கினர் போலும். ஆனால் 1366 எண்ணால் 8-ஐக் கொண்டு வகுபடாது. ஏட்டின் வழக்கமான அளவுப் பட்டியலிலும் அகலம் 8-இன் மடங்காகவே எழுதப்படுவதால், 1366-ஐ அங்கே எழுத வழியில்லை. ஆகவே இத்திரைகள் சில வேளைகளில் 1360 என்றோ 1368 என்றோ அறியப்பட்டு, ஓரத்தில் மெல்லிய கரிய பட்டையோ, எழுத்தில் சிறு மங்கலோ தோன்றும். நிமிஷக்கணக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பவர்க்கு இதுவே விடை.

இனி இவ்வெண்களைக் கணிப்பொறிக்குத் தரும் வகை. சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ், கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனம் பரப்பியுள்ள லினக்ஸ் ஆகியவை போன்ற அமைப்புகளில் எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளை உண்டு. வேலை மூன்று கட்டங்களில் நிகழும். மேற்கண்ட எண்வரிசைக்கு ஒரு பெயரிட்டுப் புதிய முறையாகப் பதிவு செய்தல் முதலாவது. அம்முறையைக் குறிப்பிட்ட ஓர் இணைப்புவாயுடன், அதாவது வி.ஜி.ஏ. அல்லது எச்.டி.எம்.ஐ. வாயுடன் சேர்த்தல் இரண்டாவது. அவ்வாயில் அம்முறையை இயக்குதல் மூன்றாவது. கட்டளையின் முழு வடிவம் கணிப்பொறியினுள்ளேயே கையேடாக இருக்கிறது. இவ்வமைப்பு கணிப்பொறியை அணைத்ததும் மறைந்துபோகும். நிலைக்கவேண்டின், உள்நுழையும்போது தானே இயங்கும் கோப்பில் மூன்று வரிகளையும் எழுதிவைக்க வேண்டும். புதிய லினக்ஸ் பதிப்புகள் பல வேலண்ட் என்னும் வேறு காட்சிமுறையைப் பயன்படுத்துகின்றன. அங்கு எக்ஸ்ரேண்டர் புதிய முறைகளை ஏற்காது. உள்நுழையும் திரையில் எக்ஸ் முறையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பிருப்பின் அதனைத் தேர்க.

விண்டோஸில், காட்சி அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் வீதத்தை மாற்றலாம். ஆனால் ஏட்டில் இல்லாத புதிய அளவை உண்டாக்க அங்கே இடமில்லை. அதற்கு இன்டெல், என்விடியா, ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் தத்தம் காட்சி அட்டையுடன் தரும் கட்டுப்பாட்டுச் செயலியைத் திறக்க வேண்டும். அதிலே தனிப்பயன் தெளிவுத்திறன் என்னும் பகுதியில் அகலம், உயரம், வீதம், எந்த விதிப்படி ஓய்வு என்பவற்றைக் கொடுத்துச் சோதிக்கலாம். எல்லா அட்டைகளிலும் எல்லாப் பதிப்புகளிலும் இப்பகுதி இராது.

எல்லைகள்

கணிப்பொறி அனுப்பக்கூடியது, கேபிளும் இடைப்பெட்டிகளும் கடத்தக்கூடியது, திரை ஏற்கக்கூடியது ஆகிய மூன்றனுள் மிகக் குறைந்ததே நமக்கு எல்லை. இதற்கு இன்றைய வகுப்பறைகளிற் காணும் ஸ்மார்ட் போர்டு நல்ல சான்று. அவற்றுட் பலவற்றின் தெளிவுத்திறன் 3840 பெருக்கல் 2160. ஓய்வும் சேர்த்து 4400 பெருக்கல் 2250. 60 ஹெர்ட்ஸில் கடிகாரம் 594 மெகாஹெர்ட்ஸ். 30 ஹெர்ட்ஸில் 297. எச்.டி.எம்.ஐ. 1.4 முறைப்படி அமைந்த பழைய மடிக்கணினி 340 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்ப இயலாது. ஆகவே அது தானே 30-க்கு இறங்கிவிடுகிறது. ஆசிரியர் பலகையில் பேனாவால் எழுதும்போது கோடு கைக்குப் பின்னே தயங்கித் தயங்கி வரும். பலகை பழுது என்று முறையீடு செல்லும். 1920 பெருக்கல் 1080-ஆகக் குறைத்தால், மொத்தம் 2200 பெருக்கல் 1125. 60 ஹெர்ட்ஸில் 148.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. இயல்பான அளவே சிறந்தது என்று மேலே கூறியதற்கு இது விலக்கு: 1920 என்பது 3840-இற் சரிபாதி, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் பலகையின் நான்கு புள்ளிகள் ஒழுங்காக அமைவதால் மங்கல் மிகச் சிறிது. எழுதுவதற்குக் குறைந்த அளவும் மிகுந்த வீதமும், அசையாத நிலப்படத்தைக் காட்டுவதற்கு மிகுந்த அளவும் குறைந்த வீதமும் என்பது எம் கருத்து.

அறிவிக்கப்பட்ட எல்லைக்கு மேல் வீதத்தை ஏற்றிப் பார்க்கும் ஆவல் சிலருக்கு உண்டு. 60 ஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்ட மானிட்டர் 75-ஐ ஏற்பதுபோல் காட்டி, உள்ளே நான்கைந்து படங்களுக்கு ஒன்றை விழுங்கிவிடுவதும் நேரும், ஊதியம் ஏதுமில்லை. பழைய குழாய்த் திரைகளில் இது வெறும் வீண்முயற்சியாகவும் நில்லாது: கிடைவரி அதிர்வெண் எல்லையைக் கடந்தால், தற்காப்பில்லாத சில மானிட்டர்களின் உள்ளுறுப்புகள் சூடேறிக் கெடக்கூடும். எல்.சி.டி. திரை பெரும்பாலும் ‘எல்லைக்கு அப்பால்’ என்னும் செய்தியைக் காட்டி இருண்டுவிடும், தீங்கொன்றுமில்லை.

ஆனால் திரை இருண்டபின், சரிசெய்யும் பொத்தானைக் காண்பதற்கும் திரை வேண்டுமே! இதுவே இவ்வேலையில் உண்மையான ஆபத்து. விண்டோஸில் காட்சி அமைப்பை மாற்றியதும், மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்ற வினா எழும். 15 வினாடிகளுக்குள் விடை தராவிடில் பழைய நிலைக்குத் தானே திரும்பும். திரை இருண்டால் எந்த விசையையும் தொடாமல் காத்திருங்கள். பதற்றத்தில் என்டர் விசையை அழுத்துவோர், தெரியாத திரையைத் தாமே உறுதிசெய்துவிடக்கூடும். எக்ஸ்ரேண்டருக்கு இத்தகைய தற்காப்பு இல்லை. ஆதலின் புதிய முறையை இயக்கும் கட்டளையுடன், 20 வினாடி கழித்து இயல்பான முறைக்கு மீள்க என்னும் கட்டளையையும் ஒரே வரியிற் சேர்த்தெழுதி இயக்குக. படம் நன்றாக வந்ததைக் கண்டபின் இரண்டாம் தடவை அச்சேர்க்கையின்றி இயக்கலாம். வகுப்பு நேரத்தில் சோதனை செய்யாமல், மாலையில், வேறொரு மானிட்டரையும் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு செய்வது நன்று.

வெற்றி கிட்டியபின் எண்வரிசையை ஒரு துண்டுத்தாளில் எழுதி, எந்தக் கணிப்பொறி, எந்த வாய், எந்தக் கேபிள் என்பவற்றையும் குறித்துப் புரொஜெக்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுக. கணிப்பொறியின் மென்பொருளைப் புதுப்பிக்கும் நாளன்று அமைப்பு அழியும். அன்று பாடம் நடத்த வருபவர் வேறோர் ஆசிரியராக இருக்கலாம். 600 புள்ளிச் சதுரத்தையும் ஒரு கோப்பாக மேசைத்திரையில் வைத்திருந்தால், அவர் பாடத்தைத் தொடங்குமுன் அளவுநாடாவால் ஒருமுறை அளந்துகொள்வார்.